கதையில் ஒலிச்சொல் எத்தனை தாங்கும்? (என் தறிக் கதையில் பதினாலு அடிக்கோடு)

தறிக்குழி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. குமாரபாளையத்துல பொறந்து வளர்ந்தவ நான். இப்ப பெங்களூருல வேலை. ராத்திரியில கொஞ்சம் கதை எழுதுவேன்.

எங்க வீட்டுத் திண்ணைக்கு உள்பக்கம் ஒரு குழித்தறி இருந்துச்சு. அப்பா அதுலதான் வேட்டி நெய்வாரு. தெருவுல மத்த எல்லா வீட்டுலயும் மிசின் தறி. அந்தச் சத்தம் எங்களுக்குக் காதுலயே விழாது. கரண்ட் போச்சுன்னா மட்டும் ஊரே ‘பொசுக்’குனு அடங்கும் பாருங்க, அப்பத்தான் தூங்குற குழந்தைங்க எல்லாம் எந்திரிச்சு அழும். வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.

அந்த வீட்டை வெச்சு ஒரு கதை எழுதி, ஒரு சிறுகதைப் பட்டறைக்கு அனுப்பினேன். திருத்தினவர் பதினாலு இடத்துல சிவப்புக் கோடு போட்டு, “இது கதையா, சித்திரக்கதையா?”ன்னு எழுதியிருந்தாரு. பதினாலுமே ஒலிச்சொல். ஒரு பத்தி மட்டும் இங்க போடறேன்:

*“டக் டக் டக் டக் என்று தறி ஓடியது. சர்ர்ர்ர் என்று நாடா பறந்தது. வெளியே சடசடவென்று மழை கொட்டியது. பாப்பா கலகலவென்று சிரித்தாள். திடீரென்று தறி நின்றது. அம்மா திடுக்கிட்டாள்.”*

என் கேள்வி இதுதான். நம்ம மொழியில இந்தச் சொல்லெல்லாம் இயல்பா வர்றதுதானே? எங்கம்மா பேசுனா பத்து வார்த்தைக்கு ஒரு ‘மடமட’, ஒரு ‘வெடவெட’ வந்துரும். அவ சொன்னா காட்சி கண்ணு முன்னாடி நிக்குது. நான் எழுதுனா ஏன் சித்திரக்கதை ஆயிடுது?

---

பழைய கரும்பலகை

அம்மா, முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். இரட்டைக்கிளவிக்கும் அடுக்குத்தொடருக்கும் வேறுபாடு கேட்டு இரண்டு மதிப்பெண் போடுவோம். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான். ‘சலசல’வைப் பிரித்தால் ‘சல’ என்று ஒன்றுமில்லை. மாணவர்கள் சரியாக எழுதுவார்கள், முழு மதிப்பெண் வாங்குவார்கள், அத்தோடு மறந்துவிடுவார்கள். நானும் அதற்குமேல் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் உணர்ந்தேன்.

தொல்காப்பியத்தில் உங்களுக்குப் பயன்படும் இடங்கள் வேறு. அதன் உரியியல் பகுதியின் முதல் நூற்பாவே உரிச்சொற்களை ‘இசையினும் குறிப்பினும் பண்பினும்’ தோன்றுபவை என்கிறது. அந்த மூன்று வகையை உங்கள் சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். இசை என்றால் காதில் விழுவது, குறிப்பு மனத்தில் தோன்றுவது, பண்பு கண்ணும் தோலும் அறிவது. உங்கள் பதினாலும் அநேகமாக முதல் வகையில்தான் இருக்கும். ‘திருதிருவென விழித்தான்’ என்கிறோமே, அதில் எங்கே ஓசை? பல் கூசுகிறது, உள்ளங்கை குறுகுறுக்கிறது, வயிறு கபகபவென்கிறது, கால் வெலவெலக்கிறது. ஒன்றுக்கும் சத்தமில்லை. ஆனால் உடம்பு உடனே ஒப்புக்கொள்கிறது. உங்கள் அம்மா சொல்லும் ‘வெடவெட’வும் இந்த இனம்தான். சத்தத்தை அவர் போலச் செய்து காட்டவில்லை. நடுக்கத்தைக் கைமாற்றிக் கொடுக்கிறார்.

இன்னொன்று. அடுக்குக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். ‘விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்’, ‘இசைப்படு பொருளே நான்கு வரம்பாகும்’. அவசரத்தில் அடுக்குவது மூன்று முறை வரை, செய்யுளில் ஓசைக்காக அடுக்குவது நான்கு முறை வரை. நீங்கள் நான்கு ‘டக்’ போட்டிருக்கிறீர்கள். இலக்கணப்படி பாஸ்! ஆனால் மூன்றாவது டக்கிலேயே வாசகன் கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறது. அவர்கள் வரம்பு வைத்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கட்டும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: சடசட, படபட, கடகட, மடமட. நடுவில் வரும் டகரத்தில் நாக்கு மேலே போய் முட்டி அறைந்து விழுகிறது. சலசல, கலகல, குளுகுளு என்னும்போது நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. எழுத்தே பாதி வேலையைச் செய்துவிடும். மரம் மட்டும் மளமளவென முறிகிறதே என்று யாரும் மடக்க வேண்டாம், இதை நான் சட்டமாகச் சொல்லவில்லை.

---

வெட்டியான வாசகன்

திருத்துனவர் கட்சி நான். மழைன்னா சடசட, சிரிப்புன்னா கலகல, ஆறுன்னா சலசல. இதெல்லாம் ரெடிமேட் சட்டை பாஸ். யார் போட்டாலும் ஒரே அளவு. உங்க வீட்டு ஓட்டுமேல பெஞ்ச மழையும் என் வீட்டு கான்கிரீட் மேல பெஞ்ச மழையும் எப்படி ஒரே சடசட ஆகும்? பதினாலுல மூணு வெச்சுட்டு மிச்சத்தை அடிச்சிடுங்க.

---

விரல்நுனி

நான் பார்வையற்றவன். கதைகளைக் கணினிக் குரல்தான் எனக்குப் படித்துக் காட்டும். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், செய்தித்தாளையும் காதல் கதையையும் ஒரே மாதிரி படிக்கும். உங்கள் பத்தியை அதில் இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன். ‘சர்ர்ர்ர்’ வந்த இடத்தில் தடுமாறி, ‘சர்’ சொல்லிவிட்டு மிச்சத்தை எழுத்தெழுத்தாக ஒப்பித்தது. சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் அந்த மொட்டைக் குரலிலும் சில கதைகளில் எனக்கு மாட்டுவண்டி போகும், உரல் இடிபடும். எழுத்தாளர் ‘லொடக் லொடக்’ எதுவும் எழுதியிருக்க மாட்டார். எப்படி என்று யோசித்து யோசித்து, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

சத்தம் ஒலிச்சொல்லில் மட்டும் இல்லை, வாக்கியத்தின் நடையிலும் இருக்கிறது. ஒரே சின்ன வாக்கியம் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால், எந்தச் சொல்லாக இருந்தாலும் அது தாளம் ஆகிவிடும். தாளம் பிடிபட்டதும் காது அடுத்த அடிக்குக் காத்திருக்க ஆரம்பிக்கும். அந்த அடி வராமல் போகட்டும், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

நீங்களே முதல் பதிவில் அதை எழுதியிருக்கிறீர்கள், அக்கா. மிசின் தறி ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் குழந்தைகள் எழுந்து அழும் என்று. அதைப் படித்தபோது எனக்கு உங்கள் தெருவே கேட்டது. கதையிலோ ‘திடீரென்று தறி நின்றது’ என்று தகவல் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நிற்பதை நான் கேட்கவே இல்லை. ‘திடீரென்று’ என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே அது திடீரென்று இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு கேள்வி: ஒரு தரம் தறி அடிக்க, அப்பா என்னென்ன செய்வார்? வரிசையாகச் சொல்லுங்கள். எனக்குத் தறி தெரியாது.

---

தறிக்குழி

@விரல்நுனி தம்பி, குழிக்குள்ள காலால மிதியை மிதிப்பாரு. பாவு இழை ரெண்டாப் பிரியும். கயித்தை வெட்டி இழுத்தா, ஊடை நூல் சுத்துன தாரை உள்ள வெச்ச நாடா ஒரு கோடியில இருந்து மறுகோடிக்கு ஓடும். அப்புறம் அச்சை முன்னால இழுத்து ஊடை நூலை நெருக்கி அடிப்பாரு. மிதி, நாடா, அச்சு. இவ்வளவுதான். நாள் பூரா இதேதான்.

---

விரல்நுனி

நீங்கள் எழுதிய கடைசி மூன்று வாக்கியங்களை இன்னொரு தரம் படியுங்கள். தறி ஓடிவிட்டது.

---

வெட்டியான வாசகன்

அடப்பாவி. ஆமாம்.

---

தறிக்குழி

மூணு நாளா இதே வேலை. மழையைத் தூக்கிட்டேன். பாப்பாவையும் தூக்கிட்டேன், அவ கதைக்கு எதுவும் செய்யல, சும்மா சிரிச்சிட்டு இருந்தா. புதுப் பத்தி இது:

*“மிதி இறங்கியது. நாடா ஓடியது. அச்சு விழுந்தது. மிதி, நாடா, அச்சு. அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மிதி, நாடா, அச்சு. கழுநீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் மொண்டாள். மிதி, நாடா, அச்சு. மிதி, நாடா.*

*அம்மாவின் கை அரிசிக்குள் அப்படியே இருந்தது.*

*இழை அறுந்திருந்தால் இந்நேரம் முணுமுணுத்துக்கொண்டு முடிச்சுப் போட்டிருப்பார். தார் தீர்ந்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருப்பார். தெருவெல்லாம் மிசின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாடா மட்டும் பெட்டியில் போய் ‘டக்’ என்று முட்டியது அவளுக்குக் கேட்டது.”*

ஒலிச்சொல் ஒண்ணே ஒண்ணுதான் விட்டிருக்கேன். ‘முணுமுணுத்து’ங்கறதைச் சேர்த்தா ரெண்டு. கரும்பலகை ஐயா, அது உங்க கணக்குல இசையா, குறிப்பா?

---

பழைய கரும்பலகை

இசைதான் அம்மா, வினையாகவே மாறிவிட்டதால் துருத்தவில்லை. ஆனால் ‘ஓடிக்கொண்டிருந்தன’ வாக்கியத்தைக் கவனியுங்கள். ஊர் முழுவதும் ஓடுகிறது, வீட்டில் ஒன்று நின்றுவிட்டது. அதை அந்தப் பத்தியிலேயே கடைசிக்கு முன் வைத்தது நல்லது, இடம் மாற்றாதீர்கள். ‘அப்படியே’ தேவையா என்று மட்டும் பாருங்கள்.

---

தறிக்குழி

‘அப்படியே’ போயிருச்சுங்க ஐயா.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அழறாளோன்னு பயந்துட்டேன். அப்புறம், “அது டக்கு இல்ல கண்ணு. நாடா நல்ல வேகத்துல போனாத்தான் டக்கு. கை தளந்துபோய் விட்டா ‘லொத்து’ன்னு போய் விழும். உங்கப்பனோட கடைசி வருசம் பூரா லொத்துதான்” அப்படின்னா.

மாத்தியாச்சு.