விழுவதைப் பிடிக்கப் போகும் கை

சாரத்தில் நின்று, மின் கேபிள்களைத் தாங்கும் கேபிள் ட்ரே மாட்டும்போது எனக்குப் பயமெல்லாம் விரல்களைப் பற்றித்தான். தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது, இடுப்புக்கு பெல்ட் இருக்கிறது. பொருள் நழுவினால் முதலில் நீள்வது கைதானே.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை வேலையில் நேரில் பார்த்தது இது. 2.5 மீட்டர் ஜி.ஐ. லேடர் ட்ரேயை, அதாவது ஏணி மாதிரி இருக்கும் துத்தநாகம் பூசிய இரும்பு ட்ரேயை, ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, அதைத் தாங்கும் பிராக்கெட்டில் ஏற்றினார்கள். போல்ட் இன்னும் போடவில்லை. கீழே யாரோ வேறு எதற்கோ "விடு" என்று கத்த, அந்தப் பக்கத்து ஆள் கையை எடுத்துவிட்டார். ட்ரே சரிந்தது. இந்தப் பக்கம் நின்ற ஹெல்பர் தம்பி அதைத் தாங்கப் போய், ட்ரேக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விரலைக் கொடுத்துவிட்டான்.

கையுறை போட்டிருந்தான், புள்ளி வைத்த பருத்திக் கையுறை. வழுக்காமல் பிடிக்க அது உதவும். மேலே விழும் எடையை அது என்ன செய்யும்? கழற்றிப் பார்த்தால் மோதிர விரல் நகம் பெயர்ந்து, நுனி நசுங்கியிருந்தது. மோதிரம் வேறு. வீக்கத்தில் இறுகிப்போய், ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

உடனிருந்த பெரியவர் ஒருவர் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தோல் கிழிந்து எலும்பும் நொறுங்கிய காயத்தைக் கட்டி மூடவே கூடாது. கழுவி, எக்ஸ்ரே பார்த்து, டெட்டனஸ் ஊசி போட வேண்டும். இல்லையென்றால் சீழ் எலும்பு வரை இறங்கிவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தம்பிக்கு விரல் பிழைத்தது. நுனி மரத்துவிட்டதால் ஒயர் முனையை இறுக்கும் சின்ன டெர்மினல் ஸ்க்ரூவைத் தடவிப் பிடிக்க வரவில்லை. இப்போது ஸ்டோரில் இருக்கிறான். கெட்டிக்காரப் பையன், மனசு ஆறவில்லை.

மறுமொழி:
அண்ணே, எங்களுக்கு மின் பேனல் பெட்டி இறக்கும்போது நடந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அடியில் கட்டையைக் கையால் தள்ளினார் ஒருவர். கடப்பாரை வழுக்கி, விரல் நுனி துண்டாகிவிட்டது. அதை அப்படியே ஐஸில் போட்டுக் கொண்டுபோனோம். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடுமாம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போது கட்டையை நீளக் குச்சியால்தான் தள்ளுகிறோம்.

மறுமொழி:
குச்சி நல்ல யோசனை தம்பி. எங்கள் ஆட்களில் இப்போது "விடு" சொல்வது ஒரே ஒருவர்தான், அதுவும் இரண்டு முனையிலும் போல்ட் ஏறிய பிறகு. கீழே கயிறு கட்டி ஆள் வராமல் மறித்துவிடுகிறோம். நழுவினால் பிடிக்காதே, விலகு என்று ஏற்றும் முன்பே சொல்லிவிடுவேன். ட்ரே வளைந்தால் கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.