என்பிஏ அறிக்கை: எல்லாப் பாடத்துக்கும் 3 என்று போட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?

மூன்றாம் மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். துறைத் தலைவர் போன வாரம் என்னை என்பிஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியம்) ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார். முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகும்போது ஓர் எக்செல் கோப்பையும் இரண்டு பீரோ சாவிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். சுய மதிப்பீட்டு அறிக்கை டிசம்பருக்குள் முடிய வேண்டும் என்பது முதல்வரின் உத்தரவு.

எக்செல்லைத் திறந்து பார்த்தால், மூன்று ஆண்டுகளின் எல்லாப் பாடங்களுக்கும் சி.ஓ. (பாடம் முடிந்ததும் மாணவர் பெற்றிருக்க வேண்டிய திறன்) எட்டிய அளவு உச்சமான 3 என்றே இருக்கிறது. பாதி வகுப்பு அரியர் வைத்த பாடத்துக்கும் 3. இதை அப்படியே விடலாமா? அடுத்து, பல்கலைக்கழகத் தேர்வில் நம் கைக்கு வருவது கிரேடு மட்டும்தான். ஒரே ஓர் எழுத்தை ஐந்து சி.ஓ.க்களுக்கு எப்படிப் பிரிப்பது? இன்னொன்று: எங்கள் இடங்கள் 60-லிருந்து 180 ஆகிவிட்டன, ஆசிரியர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. பக்கத்துச் செயற்கை நுண்ணறிவுத் துறை ஆசிரியர்களின் பெயர்களையும் நம் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம் என்று மேலே சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

மேடம், முதலில் அந்த எக்செல்லை மூடிவிட்டு அகமதிப்பீட்டுத் தேர்வுகளின் வினாத்தாள்களை எடுத்து மேசை மேல் வையுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. பல துறைகள் அறிக்கையிலிருந்து தொடங்கி வினாத்தாளுக்கு இறங்கி வருகின்றன. அதனால்தான் கடைசி மாதத்தில் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் 3 என்ற விஷயம். தொடர் மேம்பாடு என்று ஒரு பகுதி அறிக்கையில் உண்டு. எட்டிய அளவு எங்கே குறைந்தது, அதற்குத் துறை என்ன செய்தது, மறு ஆண்டு என்ன ஆயிற்று என்று அங்கே ஒவ்வொரு பி.ஓ.வுக்கும் (பட்டப்படிப்பு முழுவதும் முடியும்போது மாணவர் பெற்றிருக்க வேண்டிய திறன்) எழுத வேண்டும். எங்குமே குறையவில்லை என்றால் அந்தப் பக்கங்களில் எதை நிரப்புவீர்கள்? குறையே இல்லாத துறை என்று எழுதிக் கொடுத்தால், என்பிஏ சார்பில் பார்வையிட வருகிற நிபுணர் முதலில் அரியர் பட்டியலைத்தான் கேட்பார். நான் கேட்டிருக்கிறேன், நிபுணர் குழுவில் போனபோது. 3 போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். 1.6 போட்டு, ஏன் 1.6 என்று சொன்ன ஒரு துறையிடம் எனக்குக் கேட்க ஒன்றுமே இருக்கவில்லை.

ஒரு பாடத்தை எடுத்துச் சொல்கிறேன். 2021 ஒழுங்குமுறையில் நான்காம் பருவத்து தரவுத்தள மேலாண்மை, சிஎஸ் 3492. அதில் இரண்டாம் அலகு ஈ.ஆர். வரைபடமும் நார்மலைசேஷனும், அதாவது தரவுத்தளத்தை வடிவமைக்கும் முறைகள். அதற்கான சி.ஓ.வுக்கு 13 மதிப்பெண் கேள்வி ஒன்று உள்தேர்வில் வந்தது என்று வையுங்கள். 8 எடுத்தவர் எட்டியவர் என்று துறை முடிவு செய்கிறது. 60 பேரில் 38 பேர் 8 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 63 விழுக்காடு. 60 விழுக்காட்டுக்கு 1, 70-க்கு 2, 80-க்கு 3 என்று துறை வரையறுத்திருந்தால் கிடைப்பது 1. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர் வாரியாக மதிப்பெண் வேண்டும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிந்து வைத்திருந்தால் எந்த மந்திரத்தாலும் பின்னால் பிரிக்க முடியாது. விடைத்தாள் கட்டுகள் பீரோவில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த இரண்டு சாவிகளுக்கு எக்செல்லைவிட மதிப்பு அதிகம்.

கிரேடு விஷயத்துக்கு வருகிறேன். இணைப்புக் கல்லூரிக்குக் கேள்விவாரி மதிப்பெண் கிடைக்காது என்பது நிபுணர்களுக்கும் தெரியும். பி பிளஸ் அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதே அளவை அந்தப் பாடத்தின் ஐந்து சி.ஓ.க்களுக்கும் கொடுப்பதுதான் நடைமுறை. ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. அந்த எழுத்துக்குள் அகமதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத் தேர்வு மட்டும் என்று எழுதாமல், கிரேடு வழி அளவு என்று நேராக எழுதிவிடுங்கள். மேலே சொன்ன பாடத்தில் கிரேடு வழியில் 2 வந்தால், 40-க்கு 60 என்ற விகிதத்தில் 0.4 + 1.2 = 1.6. இலக்கு 2 என்று வைத்திருந்தால் எட்டவில்லை. அந்த சி.ஓ. ஒரு பி.ஓ.வோடு 3-க்கு 2 என்ற வலுவில் பொருந்தியிருந்தால், அந்த பி.ஓ.வுக்குப் போய்ச் சேருவது 1.6-இல் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 1.07. சிறிய எண்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நார்மலைசேஷனுக்குக் கூடுதல் டியூட்டோரியல் நான்கு மணி நேரம் கால அட்டவணையில் சேர்த்தோம் என்று துறைக் கூட்டக் குறிப்பில் இருந்தால் அந்தக் கதை முழுமையாகிவிடுகிறது. கூட்டக் குறிப்பு அந்தத் தேதியிலேயே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக் குறிப்புகளும் ஒரே பேனாவில், ஒரே மையில் இருந்தால் நாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்போம்.

ஆசிரியர் கணக்கு. ஒரே பெயரை இரண்டு துறைப் பட்டியலிலும் எழுதாதீர்கள். நியமன ஆணை, சம்பளப் பதிவேடு, கால அட்டவணை மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 180 இடம் நிலையானதும் இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளில் 540 பேர். 20-க்கு ஒருவர் என்றால் 27 ஆசிரியர்கள், டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் பக்கவாட்டுச் சேர்க்கை தனி. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-இல் இடங்களின் உச்சவரம்பை எடுத்ததும் ஓடிப்போய் வகுப்பைக் கூட்டியவர்கள், ஆசிரியர் விளம்பரத்தையும் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தன்னாட்சி எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு உடன்படுகிறேன், ஓர் இடம் தவிர. பி பிளஸ் என்ற வரம்பு எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவராது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனில் பி பிளஸ் வைத்தால் ஆண்டுதோறும் பூஜ்யம்தான் வரும். பாடத்துக்கு ஏற்ப வரம்பை மாற்றி, பருவம் தொடங்கும் முன்பே துறைக் கூட்டத்தில் முடிவெடுத்துப் பதிய வேண்டும். நாங்கள் தன்னாட்சிக் கல்லூரி, என்பிஏ வகையில் டயர்-1 என்பதால் வினாத்தாளும் திருத்தமும் எங்கள் கையில். பொறியியல் படிப்பின் அங்கீகாரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் பலன் எங்கள் மாணவர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்பது வருத்தமான உண்மை. ஆனால் நிம்மதி எங்களுக்கும் கிடையாது. பாடத்திட்டத்தை ஏன் இப்படி வைத்தீர்கள் என்ற கேள்வியும் எங்கள் தலையில்தான் விழும்.

ஆய்வகச் சாவி எழுதியது:

நான் ஆய்வக உதவியாளர். ஆசிரியர்கள் கோப்புகளோடு ஓடும்போது எங்களிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இருப்புப் பதிவேட்டில் 72 கணினி என்று இருக்கும், ஆய்வகத்தில் 66 இயங்கும். ஆறு பழுது என்று பதிந்து, சர்வீஸ் ரசீதை ஒட்டி வைத்தால் பிரச்சினை இல்லை. வருகையன்று காலையில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து தூக்கிவந்து வைப்பதுதான் ஆபத்து. மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பீரோவைத் திறந்து பார்த்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளின் விடைத்தாள்கள் இருக்கின்றன, அதற்கு முந்தையவை பழைய தாள்காரருக்குப் போய்விட்டன. இன்னொரு சந்தேகம். எக்செல்லில் 12 பி.ஓ. நிரல்கள் இருக்கின்றன. புதிய வடிவத்தில் 11 என்கிறார்கள். கடைசி நிரலை நீக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

ஐயோ, கடைசியை நீக்காதீர்கள்! குறைந்தது நடுவில். சமூகம் பற்றிய ஆறாவதையும் சுற்றுச்சூழல் பற்றிய ஏழாவதையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அதனால் எட்டாவதாக இருந்த நெறிமுறை இப்போது ஏழாவது, பன்னிரண்டாவதாக இருந்த வாழ்நாள் கற்றல் பதினொன்றாவது. கடைசி நிரலை வெட்டினால் வாழ்நாள் கற்றல் போய்விடும், ஏழாவதிலிருந்து மற்றவை எல்லாம் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்திருக்கும். நெறிமுறைக்கான எண்கள் குழுப்பணிக்கு நேரே போய் நிற்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள், நிபுணர் கவனிப்பார். எந்த சி.ஓ. எந்த பி.ஓ.வோடு சேரும் என்று காட்டும் ஒவ்வொரு பாடத்தின் பொருத்த அட்டவணையையும் அதை நடத்துகிற ஆசிரியரிடமே கொடுத்துத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்த்து எழுதவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

விடைத்தாள்கள் தாள்காரரிடம் போய்விட்ட ஆண்டுக்கு மதிப்பெண் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். கேள்விவாரிப் பதிவு அந்த ஆண்டுக்கு இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.