மெயின் பொயின்டில் நெரிசலுக்குள் பழகுவது குறித்து ஓர் உதவி

குழும உறவுகளுக்கு வணக்கம். பொத்துவிலில் அலைச்சறுக்குப் பழகிவரும் என் தம்பிக்காகவும் அவனுடைய நண்பர்களுக்காகவும் இதைக் கேட்கிறேன். அறுகம்பையில் பேபி பொயின்டின் சிறிய அலைகளில் பலகை மீது எழுந்து நிற்க அவர்களுக்கு ஓரளவு வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டவரும் உள்ளூர் இளைஞர்களும் அங்குள்ள முதன்மை அலைச்சறுக்கு இடமான மெயின் பொயின்டில் நிறைந்திருக்கும் பருவத்தில், அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்ற விதியை அறிந்திருந்தும், அந்த இடத்தை நீரில் கிடந்தபடியே உரிய நேரத்தில் கணிக்க அவர்களால் முடியவில்லை. அங்கே கரையை நோக்கிச் சறுக்குபவருக்கு அலை வலப்பக்கமாக உடைந்து செல்வதால், எழுவதற்கு முன் இடப்பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான பழக்கம் இதுவே என்று நான் கருதுகிறேன். இதை எவ்வாறு பழக்கினீர்கள்?

கைகளால் நீரை வலித்து வெளியே செல்லும்போது, சறுக்கி வருபவரின் பாதையைக் குறுக்கறுக்காமல் சுற்றிப் போகவும், நுரை மேலே விழும்போது பலகையைக் கைவிடாமல் பிடித்திருக்கவும் என்ன பயிற்சி கொடுக்கலாம்? பின்னதைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம், ஏனெனில் காலில் கட்டிய கயிறு இழுபடும் தூரம் வரை பலகை பின்னால் பாய்ந்து, அங்கிருப்பவரின் தலையைத் தாக்கக்கூடும். இடையில், அருகிலுள்ள மற்றோர் அலைச்சறுக்கு இடமான விஸ்கி பொயின்டுக்கு அனுப்புவது நல்லதா, எந்தத் தேர்ச்சி வந்தபின் மெயின் பொயின்டுக்கு விடலாம் என்பதையும் அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் தயவுசெய்து எழுதுங்கள்.