மறு: டங் வெயிட் – ‘முன்பாரம்’ போதாதா?

> ‘நாக்கு எடை’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேரானது.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் பழைய யூட்டிலிட்டி டிரெய்லர் (காரின் பின்னால் பூட்டி இழுக்கும் சரக்கு வண்டி) வாங்கப்போகும் தமிழருக்காகத்தான் இந்தக் கையேட்டைத் தொகுக்கிறோம். ‘நாக்கு எடையைப் பாருங்கள்’ என்றால் அவர் எதைப் பார்ப்பார்? டங் வெயிட் (tongue weight) என்பது டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வண்டியின்மேல் அழுத்தும் பாரம். மாட்டுவண்டிக்காரர்கள் இதைத்தான் முன்பாரம் என்கிறார்கள். முன்னால் நீளும் கட்டைக்கும் ‘ஏர்க்கால்’ என்ற சொல் தயாராக இருக்கிறது.

> வண்டிக்காரர் பேச்சில் முன்பாரம் என்பது குறை. ‘வண்டி முன்பாரமா இருக்கு’ என்றால் மூட்டையைப் பின்னால் தள்ளச் சொல்கிறார்கள்.

நியாயமான மறுப்பு. ஆனால் அளவான முன்பாரம் மாட்டுவண்டிக்கும் வேண்டுமே. அது இல்லாவிட்டால் பின்பாரமாகி நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் இதே கணக்குதான். சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும்; 2000 பவுண்டுக்கு 200 முதல் 300 பவுண்டு. குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இருபக்கமும் அலையத் தொடங்கும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளரும். முன்பாரம், மிகைமுன்பாரம், பின்பாரம் என்று மூன்று நிலைக்கும் சொல் கிடைத்துவிடுகிறது. ‘நாக்கு எடை’யை வைத்துக்கொண்டு பின்பாரத்தை எப்படிச் சொல்வது?

பழைய டிரெய்லரில் இது முக்கியம். முன்பிருந்தவர் அச்சை நகர்த்தியிருக்கலாம், ஏர்க்காலை வெட்டி ஒட்டியிருக்கலாம். பற்றவைத்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்கக் கூடாது. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஏர்க்கால் முனையின் கீழே குளியலறை எடைமேடையை வைத்தாலே சிறிய டிரெய்லரின் முன்பாரம் தெரிந்துவிடும். முனை வழக்கமாக நிற்கும் உயரம் வரும்படி எடைமேடைக்கு அடியில் கட்டை அடுக்க வேண்டும். பின்னால் கனமான சாய்வுக்கதவு இருந்தால் காலி வண்டியில் முன்பாரம் குறைவாகக் காட்டும். அதை அச்சு நகர்ந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே எழுதலாம். டயரின் பக்கச் சுவரில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தடம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டும்போது அதன் நடுவிலுள்ள குடம் (ஹப்) தடதடத்தால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், டிரெய்லரின் விவரத் தகட்டில் இருக்கும் 2990 பவுண்டை ‘சுமைத்திறன்’ என்று வரைவில் எழுதியிருக்கிறோம். உடனே திருத்த வேண்டும். அது டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தது. ‘மொத்த எடை வரம்பு’தான் சரி. அதை நம்பி 2990 பவுண்டு மண் ஏற்றினால் அச்சும் டயரும் தாங்காது.

ஏர்க்கால் முனையில் இருந்துகொண்டு, இழுக்கும் வண்டியின் குண்டின்மேல் கவிந்து பூட்டும் கப்ளருக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கொக்கி’ என்றால் எந்தப் பக்கத்தைச் சொல்கிறோம் என்று விளங்காது. வண்டி பூட்டுவது நம் வழக்கு என்பதால் ‘பூட்டுக்கிண்ணம்’, அது அமரும் குண்டுக்குப் ‘பூட்டுக்குண்டு’ என்று முன்வைக்கிறேன். 1⅞, 2, 2 5⁄16 அங்குலம் என்று குண்டு பல அளவில் வருவதால் கிண்ணத்தின் அளவும் அதோடு பொருந்த வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், வரைவில் சேர்த்துவிடுகிறேன்.