பிளாஸ்டிக் யன்னலுக்கு எந்தச் சீலன்ட்? திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

உப்புவெளி, படகு கட்டுபவர்:

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் என் மைத்துனர், வீட்டுக் கராஜுக்குள் இருவர் அமரக்கூடிய அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறார். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக்காரரே செய்திருக்க வேண்டும். பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள். இறக்கையும் வாலும் முடிந்துவிட்டன. இப்போது விமானியின் தலைக்கு மேல் கவிழும், அக்கிரிலிக் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆன கூண்டில் வந்து நிற்கிறார். ஸ்குரூ போடுவதா, ஒட்டுவதா, ஒட்டினால் எதனால் ஒட்டுவது என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். எனக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு, சீனக்குடா விமானத்தளத்தில் இறங்குவதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. "நீங்கள் படகுக்கு யன்னல் போடுகிறவர்தானே அத்தான், வெயிலும் உப்பும் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா" என்கிறார். என் பங்கைச் சொல்லிவிட்டு உங்களிடம் விடுகிறேன். அவரும் இதை வாசிப்பார்.

திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிப் போகும் படகுகளின் முன்யன்னல்கள் ஒழுகத் தொடங்கினால் என்னிடம் வரும். பழைய சீலன்டை, அதாவது இடுக்கை அடைக்கும் பசையை, அறுக்க நாங்கள் கத்தி வைப்பதில்லை. தடித்த தங்கூசியின் (மீன்பிடி நைலோன் நூல்) இரு முனையிலும் தடி கட்டி, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று மாறி மாறி இழுப்போம். பல படகுகளில் அறுக்கவே வேண்டியிருப்பதில்லை. விரலால் தள்ளினால் பிளாஸ்டிக் பலகை கையோடு வந்துவிடும். சீலன்ட் பைபர் சட்டத்தில் கெட்டியாகப் பிடித்தபடி நிற்கும். பிளாஸ்டிக்கின் பக்கம் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். வெயில் பலகையை ஊடுருவிப் போய் ஒட்டின் முதுகில் விழுகிறது. மேலே தெரியும் சீலன்ட் நன்றாக இருப்பதால் சொந்தக்காரருக்குச் சந்தேகமே வராது. உள்ளே பிடி விட்டுப்போயிருக்கும்.

புதிய கார், வான்களின் முன்கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. ஒட்டுக்கு நிழல். பிளாஸ்டிக்குக்கும் அந்த நிழல் வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிரைமர் (ஒட்டுக்கு முன் இடும் அடிப்பூச்சு) பூசி, அதன்மேல் ஒட்டிய யன்னல்கள் என் கையில் திரும்பி வந்ததில்லை. வேறு எதைச் சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உவர்மலை, இரசாயனவியல் ஆசிரியர்:

சீலன்டின் பெயரைக் கேட்பதற்கு முன் பலகையின் பெயரைக் கேளுங்கள். அக்கிரிலிக்கும் பொலிகாபனேற்றும் பார்வைக்கு ஒன்றுதான், குணம் வேறு. அக்கிரிலிக் கடினமானது. வெயிலைத் தாங்கும், கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றலாம். ஆனால் அடி விழுந்தால் உடையும். பொலிகாபனேற்று அடிக்கு அசையாது. கீறலுக்கும் கரைப்பான்களுக்கும் எளிதில் இடம் கொடுத்துவிடும். புறவூதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளாகும். எங்கள் பாடசாலைக் கூரை ஒன்றில் பூச்சுப் பக்கத்தைக் கீழே வைத்துப் பதித்துவிட்டுப் போனவர்களின் கைவண்ணத்தை இன்றும் பார்க்கலாம்.

இனிச் சிலிக்கன். கடையில் ரியூபைத் திறந்தவுடன் வினாகிரி மணம் வந்தால், அது இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும் வகை. குளியலறைக்கு நல்லது. அலுமினியச் சட்டத்துக்கும் இரும்புத் திருகாணிக்கும் அது அரிப்பைத் தொடக்கிவைக்கும், அதுவும் உப்புக்காற்று வீசும் ஊரில். 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கும் சிலிக்கன்கள் அமிலம் விடுவதில்லை. அவற்றிலும் இரண்டு பிரிவு உண்டு. ஒக்சைம் வகை வெளிவிடும் ஆவி பொலிகாபனேற்றில் விரிசல் எழுப்பக்கூடும். அல்கொக்சி வகை விடுவது சிறிதளவு அற்ககோல்; பொலிகாபனேற்றுக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். ரியூபின் முகப்பில் இதெல்லாம் இருக்காது. தயாரிப்பாளரின் தரவுத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் மாறினால் 1 மீற்றர் நீள அக்கிரிலிக் ஏறத்தாழ 3.5 மில்லிமீற்றர் நீளும் அல்லது சுருங்கும். அதே நீள அலுமினியம் 1.2 மில்லிமீற்றர்கூட அசையாது. நடுவே இருக்கும் சீலன்ட்தான் இந்த 2 மில்லிமீற்றர்ச் சொச்சத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நம் ஊரில் வாடைக் காற்றுக் காலத்துக்கும் கச்சான் காற்றுக் காலத்துக்கும் இடையில் அவ்வளவு வித்தியாசம் வருவதில்லை. கனடாவில் ஒரே வருடத்தில் அதைத் தாண்டும். போதாததற்கு விமானம் மேலே ஏற ஏற, ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகையளவில் குளிரும்.

கிண்ணியா, படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துபவர்:

சேர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒட்டை மட்டும் நம்பி ஓடும் படகில் நான் ஏறமாட்டேன், பறக்கும் விமானத்தில் ஏறுவேனா? ஸ்குரூ வேண்டும். அதைப் போடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு படகில் பொலிகாபனேற்று யன்னல். திருகாணி அதிர்வில் கழன்றுவிடும் என்று யாரோ பயந்து, இயந்திர போல்ட்டுகளுக்கு விடும் நீலத் திரவத்தை ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சொட்டு விட்டு இறுக்கியிருந்தார்கள். என்னிடம் வரும்போது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம்போல் விரிசல். பலகை முழுவதும் நல்ல நிலையில் இருந்தது, துளைகள் மட்டும் போயிருந்தன. அந்தத் திரவம் உலோகத்துக்கென்றே செய்தது. பொலிகாபனேற்றில் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பிளக்கும்.

துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ட்ரில் அலகின் நுனியைக் கூராகவும் வெட்டும் விளிம்பைச் சப்பையாகவும் தீட்டுங்கள். உலோகத்துக்குத் தீட்டிய அலகு மறுபக்கம் வெளிவரும்போது பிளாஸ்டிக்கைக் கவ்வி ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். துளை விளிம்பை அரத்தாள் போட்டு மழமழவென்று ஆக்குங்கள். திருகாணியின் தலை பலகையைத் தொட்டதும் நிறுத்துங்கள். கை வலிக்க முறுக்குவது எஞ்சினுக்கு.

நகரம், ஹாட்வெயார் கடைக்காரர்:

சுருக்கமாக. ரியூபின் அடியில் காலாவதித் திகதி இருக்கிறது, அதைப் பாருங்கள். நம் ஊர்க் களஞ்சியத்தின் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த ரியூப் திகதிக்கு முன்னரே இறுகிவிடும். வெளியே பிதுக்கும்போது கட்டிகட்டியாக வந்தால் பணத்தைப் பார்க்காமல் எறியுங்கள். யன்னல் கழுவும் நீல நிறத் திரவங்களில் அமோனியா இருந்தால் அக்கிரிலிக் பக்கம் கொண்டு போகாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். அசிற்றோன், தின்னர் இரண்டும் வேண்டவே வேண்டாம். பலகையோடு வரும் காப்புத் தாளை வெயிலில் காயவிட்டால் பிறகு நகத்தாலும் உரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன், மாதத்துக்கு ஒருவராவது அப்படிக் கொண்டுவந்து என்னிடம் சண்டை பிடிக்கிறார்கள்.

சீனக்குடா, ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பவியலாளர்:

வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்பில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். எங்கள் வேலையில் சீலன்டைத் 'தேர்ந்தெடுப்பது' என்ற பேச்சே கிடையாது. பராமரிப்புக் கையேடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அந்த எண். அலமாரியில் அதைவிடச் சிறந்தது இருந்தாலும் தொடக்கூடாது. வீட்டில் கட்டுகிறவருக்கு அந்தக் கையேடு இல்லை, தயாரிப்பாளர் அவரேதான். அதைச் சுதந்திரம் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது சுமையாகத்தான் தெரிகிறது. ஆகவே தம்பிக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விமானம் என்றதும் எல்லோரும் பொலிசல்பைட்டைச் சொல்வார்கள். எரிபொருள் தாங்கியின் பொருத்துகளுக்குப் பூசும், கந்தகம் நாறும், இரண்டு பாகமாகக் கலக்கும் சீலன்ட் அது. டின்னில் பி-2 என்று இருந்தால், பி என்பது தடிப்பு வகை. 2 என்பது கலந்தபின் கையாளக் கிடைக்கும் மணித்தியாலம். தாங்கிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தாங்கிக்குச் செய்ததையே பிளாஸ்டிக் யன்னலுக்கும் பூசலாம் என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பலகைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கும் கூண்டுக்கும் என்றே தனியாகச் செய்த பொலிசல்பைட்டுகள் இருக்கின்றன; வாங்கினால் அதை வாங்குங்கள்.

அடுத்தது பொலியூரித்தேன். படகுகளின் பிளாஸ்டிக் யன்னலுக்கென்று வரும் சிக்காபிளெக்ஸ்-295 யூவி என்ற ஒட்டை, அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் கூண்டுக்கு இடுகிறார்கள். அதற்கு உரிய துப்புரவுத் திரவமும் பிரைமரும் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டு ஒட்டை மட்டும் வாங்குவது பாதி மருந்து குடிப்பது. ஒரே குடும்பப் பெயரில் வரும் மற்ற ரியூப்களை அதற்குப் பதிலாக இடக்கூடாது, எண் முக்கியம். சிலிக்கனில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: சட்டத்தின் எந்த மூலையில் பட்டாலும் பிறகு அங்கே பெயின்ற் பிடிக்காது, மீன்கண்போல் வட்டவட்டமாக விலகும். பெயின்ற் அடிக்காத விமானத்தின் பக்கத்தில் சிலிக்கன் ரியூபைத் திறக்கவே விடமாட்டேன்.

கிண்ணியாத் தம்பியின் திருகாணிப் பேச்சுக்கு வருகிறேன். துளையிட்டுப் பூட்டிய கூண்டுகள் பல காலமாகப் பறக்கின்றன, அதில் பிழையில்லை. ஆனால் அக்கிரிலிக் வெடிக்கும்போது பெரும்பாலும் துளையிலிருந்தோ வெட்டிய விளிம்பிலிருந்தோதான் தொடங்கும், அதுவும் குளிர் நாளில். ஒட்டினால் பாரம் விளிம்பு முழுவதும் பரவுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் திருகாணி பலகையை அசையவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின் நெகிழ்வுக்கு வேலையே இல்லை.

விரிசலுக்கு முன்னோடி ஒன்று உண்டு. காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பலகையைப் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளி மயிர்போல் மிக மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில், திருகாணியைச் சுற்றியோ வளைவு கூடிய இடத்திலோ தெரியும். விரல் நகத்துக்கு அகப்படாது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். இறுக்கமும் இரசாயனமும் ஒரே இடத்தில் சந்தித்தன என்று பொருள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தச் சீனக்குடாவைத் தாக்கியபோது எழுந்து போன பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்களின் கூண்டும் பெர்ஸ்பெக்ஸ்தான், அதாவது அக்கிரிலிக். பொருள் அன்றிலிருந்து மாறவில்லை. அதன் கோபமும் மாறவில்லை.

அதனால் ஒரு சோதனை. கூண்டை வெட்டும்போது மிஞ்சும் ஓரத்துண்டுகளை எறியாதீர்கள். ஒரு கீலத்தை மெதுவாக வளைத்து, இரண்டு முனையையும் ஒரு மரப்பலகையில் பூட்டுங்கள். வளைவின் மேற்பக்கத்தில் சீலன்டை ஓரிடத்தில், பிரைமரை ஓரிடத்தில், துப்புரவுத் திரவத்தை ஓரிடத்தில் தனித்தனியே தடவுங்கள். பக்கத்தில் ஒன்றும் தடவாத கீலம் ஒன்றையும் அதேபோல் வளைத்து வையுங்கள். சில நாள் கழித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். தடவிய இடத்தில் மட்டும் வெள்ளிக் கோடு இருந்தால் அந்த ரியூப் உங்களுக்கு வேண்டாம், விலை என்னவாக இருந்தாலும்.

மூதூர், வான் சாரதி:

எனக்கு விமானமும் தெரியாது, படகும் தெரியாது. ஒரு கேள்வி. கண்ணாடி ஓட்டையில் தண்ணீர் வந்தால் பழைய சீலன்டின் மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிடுகிறார்களே, அது நிற்குமா?

உப்புவெளி, படகு கட்டுபவர்:

நிற்காது தம்பி. பழையதைச் சுத்தமாக எடுக்காமல் மேலே பூசினால், தண்ணீர் வரும் வழி அடைபடுவதற்குப் பதிலாக வெளியேறும் வழி அடைபடும். சிலிக்கனின் மேல் வேறு எதுவும் ஒட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கூசி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், தருகிறேன்.

ஒன்ராறியோவிலிருந்து, மேலே சொன்ன மைத்துனர்:

அத்தான், எல்லோருக்கும் நன்றி. சீனக்குடா ஐயாவின் வளைத்த கீலம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பொலியூரித்தேன், அதன் பிரைமர், துப்புரவுத் திரவம் மூன்றும் தடவிய இடங்கள் தெளிவாக இருக்கின்றன. கூண்டு அக்கிரிலிக் என்பதால் அந்த வழியிலேயே போகிறேன்.

சேரின் கணக்கை என் கூண்டின் நீளத்துக்குப் போட்டுப் பார்த்தேன். குளிர்கால வெளிமுற்றத்திலிருந்து கோடை வெயில் வரைக்கும் மொத்தம் 3 மில்லிமீற்றர் வித்தியாசம் வருகிறது. நடுவிலிருந்து இரு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரியும். முதலில் சீலன்டை ஒட்டிப் பிழிந்து மெல்லிய படலமாக விட நினைத்திருந்தேன். இப்போது 3 மில்லிமீற்றர் ரப்பர்த் துண்டுகளை இடையிடையே வைத்து, அந்தத் தடிப்புக் குறையாமல் நிரப்பப்போகிறேன். ஒட்டும் ஓரத்தைச் சொரசொரப்பாக்கிக் கறுப்புப் பிரைமரும் பூசுவேன். கூண்டின் ஊடாகத் திருகாணி வராது. முன்விளிம்பில் மட்டும், காற்று தூக்காதபடி, வெளியே பைபர் பட்டை ஒன்று வரும்.

இங்கே வேறொரு சிக்கல். அந்த ஒட்டு காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். திருகோணமலையில் அதற்குக் குறைவில்லை. இங்கே குளிர்காலத்தில் கராஜைச் சூடேற்றினால் காற்று காய்ந்துவிடுகிறது, ஒட்டு இறுக நாளெடுக்கும். குளிரில் அக்கிரிலிக்கை வெட்டவும் துளைக்கவும் கூடாது என்றும் இங்கே கட்டுபவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஜூன் வரை பொறுக்கலாம் என்று நினைக்கிறேன். அதுவரை கதவுப் பூட்டு வேலை இருக்கிறது.

சீனக்குடா, ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பவியலாளர்:

ஜூன் நல்லது. ஓரம் மறைக்க ஒட்டிய ரேப்பைச் சீலன்ட் தோல் பிடிக்கும் முன்னரே உரித்துவிடுங்கள் தம்பி. பிறகு உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும். எரிபொருள் நிரப்பும் வாய் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிரப்பும்போது கூண்டின்மேல் ஒரு துணியைப் போடுங்கள்.