விஜய் அமிர்தராஜுக்கு ஹால் ஆஃப் ஃபேம் கெடச்சது, ஆனா பிளேயரா இல்ல. இது சரியா?

மயிலை_டென்னிஸ்:
2024 ஜூலைல அமெரிக்கா நியூபோர்ட்ல இன்டர்நேஷனல் டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல விஜய் அமிர்தராஜையும் லியாண்டர் பயஸையும் சேத்தாங்க இல்ல, ஆசிய ஆண்கள்ல இவங்க தான் மொத ஆளுங்க, பயங்கர சந்தோஷம். ஆனா லியாண்டர் பிளேயரா உள்ள போறாரு, விஜய் மட்டும் கான்ட்ரிபியூட்டர் கேட்டகரில, அதாவது டென்னிஸ் வளர்ச்சிக்கு பங்களிச்சவங்களுக்கான பிரிவுல. யூஎஸ் ஓபன்ல 73ல லேவர், 74ல போர்க்னு ரெண்டு ஜாம்பவான்களையும் தோக்கடிச்ச மனுஷனுக்கு இது போதுமா? எனக்கு மனசு ஆறல.

அடையாறு_பாபு:
ப்ரோ, லியாண்டர் கையில டபுள்ஸ், மிக்ஸட் சேத்து 18 கிராண்ட்ஸ்லாம் பட்டம் இருக்கு. விஜய் விம்பிள்டன்ல குவார்ட்டர் ஃபைனல் தாண்டல. 1981ல கானர்ஸ் கிட்ட மொத ரெண்டு செட்டும் எடுத்துட்டு அப்புறம் மூணு செட்டையும் விட்டாரு, அந்த மேட்ச் மட்டும் மாறியிருந்தா பேச்சே வேற. ஹால் ஆஃப் ஃபேம்ல பட்டத்த தான் மொதல்ல பாப்பாங்க.

கோர்ட்_ஓரம்:
பாபு அண்ணே சொல்றது கரெக்ட் தான், ஆனா கான்ட்ரிபியூட்டர்னா ஏதோ ஆறுதல் பரிசுன்னு நெனைக்காதீங்க. 1974ல நாடுகளுக்கு நடுவுல நடக்குற டேவிஸ் கப்ல ஃபைனல் வரைக்கும் போயிட்டு, அங்க எதிரணியா வந்த தென்னாப்பிரிக்காவோட நிறவெறிய எதிர்த்து இந்தியா ஆட மாட்டோம்னுச்சு, கோப்பை கைய விட்டுப் போச்சு, அந்த டீம்ல விஜயும் இருந்தாரு, அந்த வயசுல அது எவ்வளவு பெரிய இழப்பு யோசிங்க. அப்புறம் ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபியோட பிளேயர் கவுன்சில் தலைவரா இருந்தாரு. எல்லாத்தையும் விட, சென்னைல அவங்க குடும்பம் நடத்துன பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் அகாடமில சின்னப் பையனா வந்து சேந்தவர் தான் லியாண்டர். அந்தப் பையனும் இவரும் ஒரே நாள்ல ஒரே மேடைல ஏறுறாங்க, இதுக்கு மேல என்ன வேணும் சார்!

ராமநாதன்_ரசிகன்:
எனக்கு விஜய் விஷயத்துல வருத்தமே இல்ல, என் ஆதங்கம் ராமநாதன் கிருஷ்ணன் பத்தி. 1954ல விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன், 60, 61 ரெண்டு வருஷமும் செமி ஃபைனல், மொத தடவ ஃப்ரேசர், அடுத்த தடவ லேவர், ரெண்டு பேருமே அந்தந்த வருஷம் கப் அடிச்சவங்க. 66ல டேவிஸ் கப் ஃபைனல் வேற. விஜய்க்கு முன்னாடியே அவரு பேரு அங்க இருந்திருக்கணும்.

மயிலை_டென்னிஸ்:
அந்த அகாடமி விஷயத்த நான் இப்படி யோசிக்கல, நன்றி. கிருஷ்ணன் சார் பத்தி தனி த்ரெட் போடுங்க ராமநாதன் ரசிகன், நானும் எழுதுறேன்.