ஸ்ட்ரிங் என்றால் எந்த ஸ்ட்ரிங்?

2010-ல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது நடந்தது. வலைச் சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கும் டவெர்னா மென்பொருளில் ஒரு பணியோட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வலைச் சேவையின் வெளியீட்டிலிருந்து அடுத்ததன் உள்ளீட்டுக்குக் கோடு இழுத்தால் போதும். புரதத்தின் எண்ணைக் கொடுத்து, அதன் அமினோ அமில வரிசையை வாங்கி, ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் சேவை எதை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பைத் திறந்தேன். உள்ளீடு: ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துச் சரம். வெளியீடு: ஸ்ட்ரிங். வேறு ஒரு வரி விளக்கம் இல்லை. யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளம் தரும் அக்சஷன் எண்ணை, பி04637 என்று, கொடுத்தேன். வெறும் பதில் வந்தது, பிழைச் செய்தி கூட இல்லை. நெட்வொர்க்கா, என் நிரலா என்று மூன்று நாள் தேடினேன். நான்காம் நாள் அதே புரதத்தின் பதிவுப் பெயரை, பி53_ஹியூமன் என்று, கொடுத்துப் பார்த்தேன். 393 அமினோ அமிலங்களும் வந்து விழுந்தன!

இரண்டுமே கணினிக்கு ஸ்ட்ரிங்தான். பொருள் வேறு என்று யாராவது எழுதி வைத்தால்தானே தெரியும்? அதை எழுதுவதற்கான இடத்தை வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2007-லேயே, இந்தக் கோப்புகளில் பொருளைக் குறிப்பதற்கான எஸ்.ஏ.டபிள்யூ.எஸ்.டி.எல். பரிந்துரையில் கொடுத்துவிட்டது. நான் தொட்ட கோப்புகளில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அன்று மாலையே, 2009-ல் தொடங்கிய, உயிரியல் வலைச் சேவைகளின் பட்டியலான பயோகேட்டலாக்கில் அந்தச் சேவையின் பக்கத்தில் எழுதிவிட்டு வந்தேன்: "பதிவுப் பெயர் கொடுங்கள், அக்சஷன் எண் வேண்டாம்."

*

மேலே எழுதியவருக்கு வெறும் பதில்தான் வந்தது. எனக்குத் தவறான பதில் வந்தது, அது இன்னும் மோசம்.

மரபணுக்கள் டி.என்.ஏ.வில் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் ஜி.எஃப்.எஃப். கோப்பின் இட எண்களை, அந்த இடங்களின் வரிசையைத் தரும் ஒரு சேவைக்கு அப்படியே அனுப்பினேன். அது பெட் என்ற வேறொரு கோப்பு வடிவத்தை எதிர்பார்த்தது. முன்னதில் எண்ணிக்கை 1-ல் தொடங்கும், பின்னதில் 0-வில். வரிசைகள் ஒழுங்காகத்தான் வந்தன. ஒரு மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதியைக் கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது: ஏ-டி-ஜி என்று தொடங்க வேண்டியது டி-ஜி என்று தொடங்கியது. எல்லாவற்றிலும் முதல் எழுத்து போயிருந்தது.

உயிரியல் தரவுகளின் வகைகளுக்கும் வடிவங்களுக்கும் பெயரிடும் இடாம் சொற்களஞ்சியத்தில் பெட் வடிவத்துக்கு 3003, ஜி.எஃப்.எஃப்.3-க்கு 1975 என்று தனித்தனி அடையாளம் இருக்கிறது. உள்ளீட்டில் அந்த ஒரு குறி இருந்திருந்தால் கோடு இழுக்கும்போதே நின்றிருப்பேன். என்னைக் கேட்டால், இந்தக் குறியைச் சேவையைக் கட்டியவரே போட வேண்டும். வெளியிலிருந்து வருபவர் ஊகிக்கத்தான் முடியும். இப்போது எங்கள் கருவிகளை பயோ.டூல்ஸ் என்ற மென்பொருள் பதிவேட்டில் பதியும்போது இடாம் குறியைப் போட்டுவிடுகிறேன். அப்புறம் விளக்கத்தில் ஒரு மாதிரி உள்ளீடு, முதல் எண் 0-வா 1-ஆ என்பதோடு.